நுவரெலியா–மஸ்கெலியா: மூன்று புள்ளடித் தொகுதி

நுவரெலியா–மஸ்கெலியா தேர்தல் தொகுதி பாராளுமன்றத்துக்கு ஒரே ஒரு தடவைதான் உறுப்பினர்களை அனுப்பியது. 1977 ஜூலை 21ஆம் திகதி நடந்த பொதுத் தேர்தலில் மூன்று பேர் அங்கிருந்து தெரிவானார்கள். அந்தப் பாராளுமன்றம் 1988 டிசம்பரில் கலைக்கப்பட்டது. அடுத்த பொதுத் தேர்தல் 1989 பெப்ரவரியில் மாவட்ட விகிதாசார முறையில் நடந்தபோது தொகுதி என்ற தகுதியை அது இழந்தது. ஆயினும் பெயர் அழியவில்லை. நுவரெலியா மாவட்டத்தின் நான்கு வாக்களிப்புப் பிரிவுகளில் முதலாவது இன்றும் நுவரெலியா–மஸ்கெலியாதான். கொத்மலை, ஹங்குரன்கெத்த, வலப்பனை ஆகியவை மற்றவை. மாவட்ட வாக்காளர்களில் பாதிக்கு மேற்பட்டோர் இந்த ஒரு பிரிவில் இருக்கிறார்கள்.

ஒரே ஒரு தேர்தலைக் கண்ட தொகுதிக்கு நீண்ட வரலாறு இருக்க முடியுமா என்று கேட்கலாம். தோட்டப்புறத்தில் தேருநர் இடாப்பு எழுதியவர்களும் வாக்களிப்பு நிலையத்தில் கடமை பார்த்தவர்களும் அப்படிக் கேட்கமாட்டார்கள். எல்லைக் கோடு எங்கே போகிறது என்பதைவிட, கோட்டுக்குள் இருக்கும் லயத்தில் எத்தனை பேருடைய பெயர் இடாப்பில் ஏறியிருக்கிறது என்பதைத்தான் அவர்கள் முதலில் பார்ப்பார்கள். இந்த மலைகளின் தேர்தல் கதை பெரும்பாலும் பெயர் ஏறியதும் வெட்டப்பட்டதும் மீண்டும் ஏறியதும்தான்.

கதை அட்டனில் தொடங்குகிறது. டொனமூர் அரசியலமைப்பின் கீழ் 1931இல் 21 வயது நிரம்பிய ஆண், பெண் எல்லோருக்கும் வாக்குரிமை வந்தது. தோட்டத் தொழிலாளருக்கு மட்டும் அது நிபந்தனையோடு வந்தது. இலங்கையே தன் நிலையான வாழிடம் என்று காட்ட வேண்டும். அல்லது நிரந்தரக் குடியிருப்புச் சான்றிதழ் எடுக்க வேண்டும். அந்த ஆண்டு இந்திய வம்சாவளியினரில் சுமார் 1 இலட்சம் பேர் இடாப்பில் ஏறினார்கள். மத்திய மலைநாட்டில் அவர்கள் வாக்கு எடுபட்ட தொகுதிகள் அட்டனும் தலவாக்கலையும். அட்டனில் 1931இல் பெரி. சுந்தரம் அரசாங்க சபைக்குத் தெரிவாகி, தொழில், கைத்தொழில், வர்த்தக அமைச்சரானார். தலவாக்கலையில் எஸ்.பி. வைத்திலிங்கம் தெரிவானார்.

1936இல் அட்டன் கோ. நடேசய்யர் வசமானது. தஞ்சாவூரிலிருந்து வந்த பத்திரிகையாளரான அவர், 1931இல் அட்டனை மையமாக வைத்துத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கியிருந்தார். அந்தக் காலத்தில் தோட்டத்துக்குள் வெளியார் நுழைவது அத்துமீறல். பெரியதுரையின் அனுமதி இல்லாமல் லயத்துப் பக்கம் கால் வைக்க முடியாது. நடேசய்யர் புடவை வியாபாரி வேடத்தில் தோட்டங்களுக்குள் போனார் என்பது மலையகத்தில் எல்லோரும் சொல்லும் செய்தி. அவருடைய மனைவி மீனாட்சி அம்மையார் பாட்டுக் கட்டிப் பாடிக் கூட்டம் சேர்த்தார். எழுத்து வாசிப்பு இல்லாத வாக்காளரிடம் போய்ச்சேர அதைவிட நல்ல வழி அன்றைக்கு இருந்திருக்காது. வாக்களிப்பு முறையும் அதற்கேற்றபடிதான் இருந்தது. வேட்பாளருக்கு ஒரு நிறம், நிறத்துக்கு ஒரு பெட்டி. வாக்குச்சீட்டை எந்தப் பெட்டியில் போடுகிறோம் என்பதே வாக்கு. சின்னமும் புள்ளடியும் பிறகு வந்தவை.

தோட்டத்துப் பெயர்கள் இடாப்பில் பெருகப் பெருக, அரசாங்க சபையில் கண்டிச் சிங்களப் பிரதிநிதிகளின் எதிர்ப்பும் பெருகியது. முப்பதுகளின் இறுதியில் 2 இலட்சத்தைத் தாண்டியிருந்த எண்ணிக்கை, பதிவு விதிகள் இறுக்கப்பட்ட பிறகு நாற்பதுகளில் குறைந்தது. பின்னாளில் நடக்கவிருந்ததற்கு அது ஒரு சிறிய ஒத்திகை.

சோல்பரி அரசியலமைப்பு புதிய எல்லைகளைக் கொண்டுவந்தது. ஒவ்வொரு 75,000 பேருக்கும் ஒரு ஆசனம். கூடவே ஒவ்வொரு 1,000 சதுர மைலுக்கும் ஒரு ஆசனம். தேயிலை மலைகளில் நுவரெலியா, தலவாக்கலை, கொட்டகலை, மஸ்கெலியா என்று தனித்தனித் தொகுதிகள் பிறந்தன. 1947 தேர்தல் ஆகஸ்ட் 23 முதல் செப்டெம்பர் 20 வரை பல நாட்களாக நடந்தது. இலங்கை இந்திய காங்கிரஸ் சார்பில் ஏழு பேர் பாராளுமன்றம் போனார்கள். நுவரெலியாவில் சௌமியமூர்த்தி தொண்டமான், தலவாக்கலையில் சி.வி. வேலுப்பிள்ளை, கொட்டகலையில் கே. குமாரவேலு, மஸ்கெலியாவில் ஜி.ஆர். மோத்தா. இந்த நால்வரின் தொகுதிகளும் ஒன்றையொன்று ஒட்டியவை. மற்ற மூவர் நாவலப்பிட்டியில் கே. இராஜலிங்கம், பதுளையில் எஸ்.எம். சுப்பையா, அலுத்நுவரயில் டி. இராமானுஜம். வேலுப்பிள்ளை எழுத்தாளர், தோட்ட மக்களின் வாழ்வை ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுதியவர்.

வாக்குச்சீட்டு பறிபோனது மூன்று சட்டங்களால். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், பிறப்பால் பிரஜையாவதற்குத் தந்தையின், பாட்டனின் பிறப்பைக் கேட்டது. பிறப்புப் பதிவே அபூர்வமாக இருந்த லயங்களில் பாட்டன் எங்கே பிறந்தார் என்பதற்குச் சான்று கேட்டால் என்ன செய்வது? 1949இன் 3ஆம் இலக்கச் சட்டம், விண்ணப்பித்துப் பிரஜாவுரிமை பெறும் வழியைச் சொன்னது. 1949இன் 48ஆம் இலக்கச் சட்டம், பிரஜைகளுக்கு மட்டுமே வாக்கு என்றது. அடுத்த திருத்தத்தில் தோட்டம் தோட்டமாகப் பெயர்கள் இடாப்பிலிருந்து போயின. விண்ணப்பித்த இலட்சக்கணக்கானவர்களில் 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் கடைசியில் பிரஜாவுரிமை பெற்றவர்கள் சுமார் 1,34,000 பேர்தான்.

இதில் வேடிக்கையும் வேதனையும் கலந்த ஓர் இடம் உண்டு. தெரிவுசெய்த மக்களின் பெயர் வெட்டப்பட்ட பிறகும், தெரிவானவர்கள் 1952 வரை பாராளுமன்றத்தில் இருந்தார்கள். மஸ்கெலியாவில் இடைத்தேர்தல் வந்தபோது ஏ. அஸீஸ் வென்று வந்தார். அவர்கள் எதிரணியில் உட்கார்ந்து பேசிய நாட்களில், அவர்களுக்கு வாக்களித்தவர்களில் பெரும்பாலோர் சட்டப்படி வாக்காளர் அல்ல. 1952 ஏப்ரல் இறுதியில் கொழும்பில் சத்தியாக்கிரகம் தொடங்கியது. மே மாதம் தேர்தல் வந்தது. காங்கிரஸுக்கு ஓர் ஆசனமும் இல்லை.

எல்லைகள் மட்டும் மாறவில்லை. இதைத்தான் இடாப்பு வேலை தெரிந்தவர்கள் முதலில் சுட்டிக்காட்டுவார்கள். அரசியலமைப்பு ஆசனங்களைப் பகிர்ந்தது சனத்தொகையின்படி, வாக்காளர் தொகையின்படியல்ல. கொழுந்து பறிக்கும் பெண்ணும் ஸ்டோரில் வேலை செய்யும் ஆணும் தொட்டிலில் கிடக்கும் பிள்ளையும் ஆசனக் கணக்கில் ஒவ்வொரு தலை. வாக்குக் கணக்கில் பூச்சியம். ஆகவே தோட்டங்களைச் சுற்றியிருந்த கிராமங்களினதும் பட்டினங்களினதும் சில ஆயிரம் வாக்காளரே தலவாக்கலைக்கும் கொட்டகலைக்கும் உறுப்பினரைத் தெரிவுசெய்தார்கள். வாக்கில்லாத தொழிலாளியின் தலை, பக்கத்துக் கிராமத்தவரின் வாக்குக்கு எடை கூட்டிக் கொடுத்தது. மலைநாட்டு அரசியலில் இதைப்போல நியாயமற்ற கணக்கு வேறு எதுவும் இல்லை என்று தாராளமாகச் சொல்லலாம்.

1959இல் வாக்களிக்கும் வயது 18 ஆனது. அதே ஆண்டு எல்லை நிர்ணயத்தில் தொகுதிகள் 145 ஆயின. தலவாக்கலை, கொட்டகலை என்ற பெயர்கள் 1960 மார்ச் தேர்தலுடன் பட்டியலை விட்டுப் போயின. நுவரெலியாவும் மஸ்கெலியாவும் எஞ்சின. தோட்ட மக்களின் குரல் இக்காலத்தில் நியமன ஆசனத்தில்தான் பாராளுமன்றத்துக்குள் போனது. 1960இலும் 1965இலும் தொண்டமான் நியமன உறுப்பினர்; 1970இல் அஸீஸ். 1964 ஒக்டோபர் 30இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதி பாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. இலங்கைப் பிரஜையாகிறவர்களையும் தனி இடாப்பில் வைக்கலாம் என்ற யோசனை ஒப்பந்தத்தின் பின்னர் எழுந்து, கடுமையான எதிர்ப்பைச் சந்தித்து, நடைமுறைக்கு வராமல் போனது. அது நடந்திருந்தால் நுவரெலியா–மஸ்கெலியா என்ற தொகுதியின் கதையே வேறு.

மஸ்கெலியாவைப் பற்றி இங்கே ஒன்று சொல்லிவிட வேண்டும். தொகுதிக்குப் பெயர் கொடுத்த பழைய மஸ்கெலியாப் பட்டினம் அறுபதுகளின் இறுதியில் மவுசாக்கலை நீர்த்தேக்கத்துக்குள் மூழ்கியது. வரட்சியில் நீர் வற்றும்போது பழைய கோயிலின் கட்டடம் வெளியே தெரியும். சனம் போய்ப் பார்த்துவிட்டு வரும். பட்டினம் மேட்டில் புதிதாகக் குடியேறியது. இடாப்பில் பெயர் மாறவில்லை.

நுவரெலியாவில் 1970இல் ஐக்கிய தேசியக் கட்சியின் காமினி திசாநாயக்க வென்றார். தேர்தல் மனுவில் அந்தத் தெரிவு செல்லாது என்றானது. 1972 ஒக்டோபர் இடைத்தேர்தலில் அவரே மீண்டும் வந்தார். இதே ஆண்டுகளில் தோட்டங்களில் நிலைமை கெட்டது. காணிச் சீர்திருத்தம், தோட்டங்கள் அரசுடைமையானது, 1973–74இன் பஞ்சம். தேங்காய்ப்புண்ணாக்கையும் கிழங்கையும் தின்று நாள் கழித்ததை அந்தத் தலைமுறை இன்னும் மறக்கவில்லை. 1977 மே மாதம் நுவரெலியாப் பகுதியில் 7,000 ஏக்கர் தோட்டக் காணியைப் பிரித்துக் கொடுக்க முயன்றபோது தொழிலாளர் எதிர்த்தார்கள். மே 11ஆம் திகதி டெவன் தோட்டத்தில் பொலிஸார் சுட்டதில் சிவனு லெட்சுமணன் உயிரிழந்தார். பத்துக் கிழமைகளில் தேர்தல். புதிய தொகுதியின் முதல் வாக்கும் கடைசி வாக்கும் அந்தச் சூட்டின் நிழலில் போடப்பட்டவை.

புதிய தொகுதியை உருவாக்கியது எழுபதுகளின் நடுவில் அமைந்த எல்லை நிர்ணய ஆணைக்குழு. 75,000க்குப் பதிலாக 90,000 பேருக்கு ஒரு ஆசனம் என்று கணக்கு மாறியிருந்தது. 160 தொகுதிகள், 168 உறுப்பினர்கள். ஆறு தொகுதிகளுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட உறுப்பினர்கள். பேருவளை, ஹாரிஸ்பத்துவ, பொத்துவில், மட்டக்களப்பு ஆகியவற்றுக்கு இரண்டு. கொழும்பு மத்திக்கும் நுவரெலியா–மஸ்கெலியாவுக்கும் மூன்று. சிதறியும் கலந்தும் வாழும் சிறுபான்மையினருக்கு ஒரு வாசல் வைப்பதே பல அங்கத்தவர் தொகுதியின் நோக்கம். இங்கே அந்த வாசல் தோட்ட மக்களுக்காக வைக்கப்பட்டது.

வாசலைத் திறக்கும் சாவி வாக்குச்சீட்டில் இருந்தது. மூன்று ஆசனத் தொகுதியில் வாக்காளர் ஒருவருக்கு மூன்று வாக்கு. மூன்றையும் மூவருக்குப் பிரித்துப் போடலாம். இரண்டும் ஒன்றுமாகப் போடலாம். மூன்றையும் ஒருவருக்கே குவிக்கலாம். இதன் பலனை ஒரு சிறு கணக்கில் காட்டலாம். 1,000 வாக்காளர் என்று வைத்துக்கொள்வோம், 3,000 வாக்கு. அதில் 260 பேர் மூன்றையும் ஒரே சின்னத்துக்குப் போட்டால் அந்த வேட்பாளருக்கு 780. மிச்சம் 740 பேரும் ஒற்றுமையாக நின்று மூன்று பேரை நிறுத்தித் தலைக்கு ஒன்றாகப் போட்டால், ஒவ்வொருவருக்கும் 740. ஆக, காற்பங்குக்குச் சற்று அதிகமானவர்கள் கட்டுக்கோப்பாக நின்றால் ஒரு ஆசனத்தை யாராலும் தடுக்க முடியாது.

கட்டுக்கோப்பு என்பது எழுதுவதற்கு எளிய சொல். லயத்தில் அதைச் செய்துகாட்டுவது வேறு. 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழும் ஒப்பந்தத்தின் கீழும் பிரஜாவுரிமை பெற்றவர்களில் முதல்முறை வாக்களித்தவர்கள் ஏராளம். ஒரு சீட்டில் ஒரே சின்னத்துக்கு எதிரே மூன்று புள்ளடி போட வேண்டும். இரண்டு போட்டால் ஒன்று வீண், நான்கு போட்டால் சீட்டே செல்லாது. இதைத் தோட்டத் தலைவர்களும் மாதர் சங்கத் தலைவிகளும் பெரட்டுக்களத்திலும் கோயில் மண்டபத்திலும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது. தொழிற்சங்கக் கிளை என்ற ஏற்பாடு இல்லாதிருந்தால் மூன்று வாக்கு முறை காகிதத்திலேயே நின்றிருக்கும். எண்ணுகிறவர்களுக்கும் அது தலைவலிதான். ஒற்றை ஆசனத் தொகுதியில் சீட்டுகளைச் சின்னவாரியாகக் கட்டிவிட்டால் வேலை முடிந்தது. இங்கே குவித்துப் போட்ட சீட்டைத்தான் அப்படிக் கட்ட முடியும். பிரித்துப் போட்டதை ஒவ்வொன்றாகப் பார்த்துக் கோடு கீறித்தான் கூட்ட வேண்டும்.

முடிவு: ஐக்கிய தேசியக் கட்சியின் காமினி திசாநாயக்க முதலிடம், ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சியின் அநுர பண்டாரநாயக்க இரண்டாமிடம், இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸின் தொண்டமான் மூன்றாமிடம். 1947இல் அதே மலைகளில் முதலிடத்தில் வந்தவர், 30 ஆண்டு கழித்து மூன்றாவதாக வந்தார். மலையகம் அதைத் தோல்வியாகப் பார்க்கவில்லை; பார்க்கவும் முடியாது. நாடெங்கும் 168 ஆசனத்தில் 140ஐ ஐக்கிய தேசியக் கட்சி வாரிக்கொண்ட ஆண்டு அது. சுதந்திரக் கட்சிக்கு நாடு முழுவதிலும் கிடைத்தது 8. அதில் ஒன்று இங்கே.

ஒரே தொகுதியின் மூன்று உறுப்பினர்கள் அடுத்த பதினொரு ஆண்டில் போன திசைகளைப் பார்த்தால், அந்தப் பாராளுமன்றத்தின் சுருக்கமே கிடைத்துவிடும். காமினி திசாநாயக்க மகாவலித் திட்டத்தை நடத்திய அமைச்சர். தொண்டமான் 1978 செப்டெம்பரில் அமைச்சரவையில் சேர்ந்தார். தமிழர் விடுதலைக் கூட்டணி உறுப்பினர்கள் ஆசனம் இழந்த பிறகு, 1983இல் அநுர பண்டாரநாயக்க எதிர்க்கட்சித் தலைவரானார். 1982 டிசம்பர் 22இன் சர்வசன வாக்கெடுப்பு தேர்தலைத் தள்ளிப்போட்டது. இல்லையென்றால் ஆறு ஆண்டில் முடிந்திருக்கும் பதவிக்காலம்.

அமைச்சரவைக்குள் இருந்ததால் தொண்டமானுக்குக் கிடைத்த பெரிய பலன் இடாப்பில்தான் தெரிந்தது. 1986இன் 5ஆம் இலக்கச் சட்டமும் 1988இன் 39ஆம் இலக்கச் சட்டமும் நாடற்றவர்களில் பெரும்பாலோரைப் பிரஜைகளாக்கின. 2003இன் 35ஆம் இலக்கச் சட்டம் எஞ்சியவர்களையும் சேர்த்துக்கொண்டது. சட்டம் வந்தவுடன் வேலை முடிந்துவிடவில்லை. தோட்டத்தில் கணக்கெடுக்கப் போகிறவர் ஒரே லயத்தில் மூன்று ராமாயிகளைக் காண்பார். செக்ரோலில் ஒரு பெயர், பிறப்புச் சான்றிதழில் இன்னொன்று, அடையாள அட்டையில் சிங்கள எழுத்து வழியாக உருமாறி வந்த மூன்றாவது. லயத்து இலக்கமும் காம்பரா இலக்கமும் தந்தை பெயரும் சேர்ந்தால்தான் ஆள் யார் என்று பிடிபடும். ஓர் எழுத்துப் பிழைக்காக வாக்களிப்பு நிலையத்தில் திருப்பி அனுப்பப்பட்டவர் கதை ஒன்றாவது இல்லாத தோட்டம் இல்லை. இடது சுண்டுவிரலில் பூசும் மை, கொழுந்துக் கறையேறிய விரலில் சரியாகத் தெரியாது. அழுத்திப் பூசுங்கள் என்று புதிதாக வரும் எழுதுவினைஞருக்குச் சொல்லிக்கொடுப்பது பழைய அலுவலரின் வழக்கம்.

1989க்குப் பிறகு நுவரெலியா மாவட்டமே ஒரு தொகுதி. 1994இல் பெ. சந்திரசேகரன் மலையக மக்கள் முன்னணியின் சார்பில் சுயேச்சையாக நின்று வென்று, சந்திரிகா அரசாங்கத்துக்குப் பெரும்பான்மை தேடிக்கொடுத்தார். தொண்டமான் 1999 ஒக்டோபர் 30இல் மறைந்தார். பேரன் ஆறுமுகன் தொண்டமான் அவர் இடத்துக்கு வந்தார். 2015இல் தமிழ் முற்போக்குக் கூட்டணி உருவாகி, அந்த ஆண்டு மாவட்டத்தின் எட்டு ஆசனங்களில் ஐந்து தமிழருக்குக் கிடைத்தன. அந்தத் தேர்தலில் தெரிவானவர்களில் காமினி திசாநாயக்கவின் மகன் நவீனும் ஒருவர். 2020இலும் தமிழர் ஐவர். 2024இல் அலை தேசிய மக்கள் சக்தியின் பக்கம் அடித்தது; எட்டில் ஐந்து அவர்களுக்கு.

உள்ளூராட்சியில் பழைய தொகுதியின் பருமன் நீண்ட காலம் உறுத்திக்கொண்டிருந்தது. நுவரெலியா, அம்பகமுவ ஆகிய இரண்டே பிரதேச சபைகள் இலட்சக்கணக்கான தோட்ட மக்களை ஆள வேண்டியிருந்தன. அதிலும் 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் 33ஆம் பிரிவு தோட்டத்துக்குள் சபைப் பணத்தைச் செலவிடத் தடையாக இருந்தது. வாக்குக் கேட்டு லயத்துக்கு வந்த உறுப்பினர், வென்ற பிறகு அந்த லயத்து வழியில் ஒரு கல்லும் போட முடியாது. 2018இல் அந்தப் பிரிவு திருத்தப்பட்டது. அதே ஆண்டுத் தேர்தலில் இரண்டு சபைகள் ஆறாயின. அக்கரப்பத்தனை, கொட்டகலை, நோர்வூட், மஸ்கெலியா ஆகிய பெயர்கள் புதிதாகச் சேர்ந்தன. 1960இல் பட்டியலை விட்டுப்போன கொட்டகலை, 58 ஆண்டு கழித்துப் பிரதேச சபையாகத் திரும்பியது.

இன்றைய வாக்குச்சீட்டிலும் மூன்று என்ற எண் உண்டு. கட்சிக்கோ சுயேச்சைக் குழுவுக்கோ ஒரு புள்ளடி போட்ட பின், அதன் வேட்பாளர்களில் மூவருடைய இலக்கங்களுக்கு விருப்பு வாக்கு அளிக்கலாம். மூன்றுக்கு மேல் போட்டால் கட்சி வாக்கு நிற்கும், விருப்பு வாக்கு போகும். பழைய முறையை அறிந்த முதியவர்கள் சிலர் ஒரே இலக்கத்தில் மூன்று புள்ளடி போடலாமா என்று இன்னும் கேட்பார்கள். முடியாது, ஒருவருக்கு ஒன்றுதான். மூன்று வாக்கையும் ஒரே வேட்பாளருக்குக் குவிக்கும் உரிமை 1977 ஜூலை 21க்குப் பிறகு இலங்கையில் எந்த வாக்காளருக்கும் இருந்ததில்லை.